கமிட்டிக்கு ஒரு தூக்குச் சோறு

“...அதனால இன்னைக்கு மீட்டிங்ல எல்லாருக்கும் நான்தான் சோறு போடப் போறேன்” என்றார் முன் சீட்டு அம்மா. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ். அவர் மடியில் பெரிய எவர்சில்வர் தூக்கு. ரேஷன் கடைகளைக் கண்காணிக்கும் ஆலோசனைக் குழுவில் அவரும் ஒரு உறுப்பினர் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

“ரேஷன் அரிசியிலயா மேரியக்கா?” பக்கத்தில் இருந்த பெண் சிரித்தார்.

“ஆமா. போன தடவை நாறுதுன்னு சொன்னேன். ஆபீசருங்க ஒரு தட்டுல அரிசியைக் கொண்டாந்து காட்டி, நல்லாத்தானே இருக்குங்கிறாங்க. அரிசியாப் பார்த்தா என்ன தெரியும்? பொங்கி வச்சால்ல தெரியும்!”

“அங்க மதியம் பிரியாணி வருமேக்கா. இதை யாரு தொடுவா?”

“பிரியாணி வர்றதுக்கு முன்னாடியே திறந்துருவேன். எங்க தெருப் புள்ளைங்க தினம் திங்கிறதுதானே? ஒரு வாய் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும்.”

“அடுத்த மீட்டிங்குக்கு உங்களைக் கூப்பிட மாட்டாங்க பாருங்க.”

“கூப்பிடாட்டிப் போறாங்க. இதுக்குக் கூப்பிட்டிருக்காங்கள்ல?”

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப் வந்தது. அவர் எழுந்து, தூக்கின் மூடியை லேசாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். பின் சீட்டில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் திருப்தியாக மூடியை அழுத்திவிட்டு இறங்கினார்.