நட்டவன் கையால்

என் பெயர் ஜெயராஜ். தகப்பனார் பெயர் அந்தோணிசாமி. வயது ஐம்பத்திரண்டு. போர்ட் கிள்ளான், பண்டமாரானில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறேன். நான் சொல்வது வழக்கில் எனக்கு எதிராகவே போகலாம் என்று சார்ஜன் யுகேந்திரன் தமிழில் எடுத்துச் சொன்னார். விளங்கியது. யாரும் என்னை மிரட்டவில்லை. குடிக்கப் பால் சேர்க்காத தே ஓ டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கேரி தீவில் சென்ற வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துச் செம்பனை மரங்களைச் செயின்சோவால் அறுத்துச் சாய்த்தது நான்தான். பட்டப்பகலில் செய்தேன். காவலாளி வந்து நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினேன். ஒரு குலையைக்கூட எடுக்கவில்லை. கம்பெனி மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. பிறகு ஏன் செய்தாய் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்ல என் மனைவியின் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மனைவி பெயர் ரோஸ்மைடா. சுமத்ராவில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு கம்பத்து, அதாவது கிராமத்துப் பெண், பாத்தாக் இனம். கிள்ளானில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தபோது பழக்கமாகி, மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டோம். பிள்ளைகள் இல்லை. நான் அவளை மைடா என்பேன், அவள் என்னைப் பாங் என்பாள், மலாயில் புருஷனைக் கூப்பிடுவது. என்னோடு இருந்து தமிழ் கற்றுக்கொண்டாள். திட்டும்போது என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

வருஷம் ஒரு தடவை அவள் ஊருக்குப் போவோம். போர்ட் கிள்ளான் ஜெட்டியில் பெர்ரிக் கப்பல் ஏறி, தஞ்சோங் பாலாயில் இறங்கி, அதன் பிறகு வேன் பிடித்து, தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, அதன் பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு போக வேண்டும். மழை பெய்தால் மோட்டாரும் போகாது. மைடா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாடியபடி சேற்றில் முன்னால் நடப்பாள். நான் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வருவேன்.

அந்தக் கம்பத்தில் நிலம் முதலில் வந்து காடு வெட்டிய குலத்துக்குச் சொந்தம். அப்பனுக்குப் பிறகு மகனுக்குப் போகும். மகளைக் கட்டியவன் பயிர் செய்து சாப்பிடலாம், சொந்தம் கொண்டாட முடியாது. என் மாமனார் ஒரு சரிவைக் காட்டி, நீங்கள் இருக்கிற வரைக்கும் இதில் சாப்பிடுங்கள் என்றார். வயதான காலத்தில் அங்கே போய் இருப்பது என்று பேசி வைத்து, ஒரு பலகை வீடும் போட்டோம். மிளகாயும் சோளமும் போடலாம் என்று மைடா சொன்னாள்.

என் தாத்தா, அப்பா, நான் மூவரும் கேரி தீவில் கம்பெனிக்கு மரம் நட்டவர்கள். அப்பா வேலையிலிருந்து ஓய்ந்ததும் கம்பெனி கொடுத்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வாசலில் அம்மா வைத்த எலுமிச்சை மரம் காயோடு நிற்க, நாங்கள் லோரி ஏறினோம். எங்கள் குடும்பத்தில் ஒருவன்கூடத் தன் மண்ணில் ஒரு மரம் வைத்ததில்லை. அதனால் அந்தச் சரிவைப் பார்த்தபோது எனக்குச் சோளம் கண்ணில் படவில்லை, செம்பனைதான் பட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் லீவு போட்டு நான் மட்டும் போனேன். கன்றுகளை வாங்கி மோட்டாரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கயிறு பிடித்து, தோட்டத்தில் கற்றுக்கொண்ட மாதிரியே முக்கோண வரிசையில் குழி வெட்டி நட்டேன். ஊர்க்காரர்கள் வந்து ஓரமாக நின்று பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் வேலையைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறார்கள் என்று நினைத்து இன்னும் நேராகக் கயிறு பிடித்தேன். மாமனார் வந்து கடைசி வரிசைவரை நடந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கிழவருக்கு வயிறு சரியில்லை போலும் என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு கிள்ளானுக்கு வந்து மைடாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மரமா நட்டீங்க பாங்? மரம் நட்டா இந்த நிலம் இனி என்னுதுன்னு ஊருக்குச் சொல்ற மாதிரி. எங்கப்பா நிலத்தையே எடுத்துக்கிட்டீங்களே" என்று அழுதாள். அங்கே இரவல் நிலத்தில் ஒரு பருவத்தில் முடிகிற பயிர்தான் போடலாமாம். நிலம் யாருடையது என்பதற்குப் பத்திரம் எதுவும் வேண்டாம், மரமே பத்திரமாம். இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் நடந்துகொண்டதுதான் என்னைக் கொல்கிறது.

அதன் பிறகு மைடாவின் தம்பி தோகார் பெர்ரி ஏறி வந்தார். ஜெட்டி பக்கத்துக் காப்பிக் கடையில் பேசினோம். நாங்கள் பேசுவது மலாயில். அவர் என்னை லாய் என்று கூப்பிடுவார், அவர்கள் பாஷையில் மச்சான். அவர் சொன்னது: "தெரியாமத்தான் நட்டீங்க லாய், அப்பாவுக்கும் அது தெரியும். ஆனா நட்டவர் கையாலதான் எடுக்கணும். நாங்க எடுத்தா உங்களை எதிரின்னு சொன்ன மாதிரி ஆயிடும். நீங்களே எடுத்தா வெறும் தப்பு, அதோட முடிஞ்சிடும். வந்து எடுத்துட்டு அப்பாவோட உட்கார்ந்து சாப்பிடுங்க."

நான், "மரம் நட்டது ஒரு தப்பா? முடியாது, ஒன்னுகூட எடுக்க மாட்டேன்" என்றேன். அவர் காப்பியை முடிக்காமல் எழுந்து போனார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். எனக்குத்தான் தலைக்கனம்.

அதன் பிறகு மைடா ஒவ்வொரு லீவுக்கும் போகலாமா என்று கேட்டாள். நான் ஒவ்வொரு லீவுக்கும் ஓவர்டைம் எடுத்தேன். அங்கே மரம் வளர்ந்தது. மருமகனிடம் மண்ணைக் கோட்டை விட்டவர் என்று ஊர்க் கூட்டத்தில் மாமனாரைப் பேசினார்கள். அவர் கூட்டத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்.

சென்ற மழைக்காலத்தில், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி மைடா புறப்பட்டாள். நான்தான் ஜெட்டியில் கொண்டுபோய் விட்டேன். அவள் பையில் என் லோரிக் கையுறை இருந்ததைப் பார்த்தேன். உள்ளங்கையில் கிழிந்துபோன பழைய கையுறை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் போக வேண்டி வரும்.

அதன் பிறகு நடந்தது தோகார் சொல்லித் தெரிந்தது. புருஷன் கையும் பெண்டாட்டி கையும் ஒன்றுதான் என்று ஊர்ப் பெரியவர்களிடம் வாதாடி மைடா சம்மதம் வாங்கியிருக்கிறாள். ஒருவரையும் உதவிக்கு விடாமல், தனியாகப் பாராங் கத்தியும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாக வெட்டி, வேரைத் தோண்டி எடுத்து, குழியை மூடி, அதில் சோளம் ஊன்றியிருக்கிறாள். செம்பனை மட்டையின் அடியில் முள் இருக்கும். குத்தினால் உடனே எடுத்துக் கழுவி, டிஸ்பென்சரிக்குப் போய் ஜன்னி வராமல் இருக்க ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். மைடா செம்பனையைத் தொட்டவள் இல்லை, நானும் சொல்லிக் கொடுத்ததில்லை. முள் உள்ளங்கையில் ஏறியதும் துணியைச் சுற்றிக்கொண்டு கடைசி மரம்வரை வெட்டினாள்.

அதன் பிறகு அவளுக்குத் தாடை இறுகிவிட்டது. மழையில் மோட்டார் போகாது என்று நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு தார் ரோடுவரை நடந்தார்கள். அங்கே வேன் கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன் உயிர் போய்விட்டது.

தோகார் போன் செய்த அன்று பெர்ரி இல்லை. அடுத்த பெர்ரியில் நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. ஒருவரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமனார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, சோறு போட்டு, அவரும் சாப்பிட்டார். அதன் பிறகு சரிவுக்குப் போய், ஒரு மரமாவது மிச்சம் இருக்கிறதா என்று வரிசை வரிசையாகத் தேடினேன். மூடிய குழிகளின் மேல் சோளம் முளைத்திருந்தது. பின்னால் வந்த தோகார், "எல்லாத்தையும் அக்காவே முடிச்சிட்டா லாய். உங்களுக்கு இங்க வேலை எதுவும் இல்ல" என்றார். அவர் குத்திப் பேசவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கேள்வி: இதற்கும் கேரி தீவு மரங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: பழைய மரங்களை அழித்து மறுநடவு செய்தபோது அந்த வரிசைகளை நட்டவன் நான். அப்போது வாலிபன். நான் நட்டதில் இனி மிச்சம் அவைதான். நட்டவன் கையால் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன்.

கேள்வி: அது கம்பெனி நிலம் என்று தெரியாதா?

பதில்: தெரியும். எது யாருடைய மண் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.

கேள்வி: மரத்தை வெட்டினால் உங்கள் மனைவிக்கு என்ன ஆகப்போகிறது?

பதில்: ஒன்றும் ஆகாது. முதல் மரம் சாயும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

கேள்வி: வலது கையைச் சட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களே, என்ன?

பதில்: முள். வெள்ளிக்கிழமை குத்தியது.

கேள்வி: எடுத்தீர்களா? ஊசி போட்டீர்களா?

பதில்: இல்லை.

கேள்வி: என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்தானே?

(கையைச் சட்டைக்குள் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.)

மேலே கண்டதெல்லாம் நான் சொன்னது. எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. பொய் எதுவும் கலக்கவில்லை. சேர்க்கவோ நீக்கவோ ஒன்றும் இல்லை.

பதிவு செய்தவர் குறிப்பு: மேற்படி ஜெயராஜின் வலது உள்ளங்கை வீங்கி, பேனா பிடிக்க விரல்கள் மடங்காததால், கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை பெறப்பட்டது. மருத்துவமனைக்கு அழைத்தபோது, "விடுங்க சார், என் கைதானே" என்று மறுத்தார். காவலில் இருப்பவர் என்பதால் அவருடைய சம்மதம் இல்லாமலே, இரண்டு காவலர்களுடன் இப்போது அனுப்பி வைக்கப்படுகிறார்.

சார்ஜன் யுகேந்திரன்