வரப்புக்கு அந்தாண்ட

சுடுகிறார்கள். முதலில் ஒற்றை வெடி. பிறகு மூன்று, அடுத்தடுத்து. மல்லாட்டைச் செடிகளுக்குள் முகத்தைப் புதைத்துக் கிடக்கிறேன். வாயெல்லாம் மண். தலைமாட்டில் என் மூட்டை. அதில் ஒரு குண்டு இறங்குகிறது. பொத்தென்று சத்தம். நிலக்கடலைக் காய்கள் சரிந்து என் கழுத்தில் விழுகின்றன.

1954, சித்திரை மாதம். காலை பத்து மணி இருக்கும்.

எங்கள் வீடு விழுப்புரம் தாலுகாவில். நிலம் பிரெஞ்சு எல்லைக்குள். நடுவில் ஒரு வரப்புதான். சொந்த நிலத்தில் விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவர பிரெஞ்சுச் சாவடியில் வரி கேட்டார்கள். முந்தின வருஷம் கட்ட முடியவில்லை. மூட்டைகளைப் பிடித்து வெட்டவெளியில் போட்டார்கள். மழையில் அத்தனையும் முளைத்துப்போனது. இந்த வருஷம் வரி கட்டாமலே தூக்கி வந்துவிடுவது என்று ஏழு பேர் புறப்பட்டோம்.

ஏழாவது ஆள் ஏழுமலை. என் மனைவியின் தம்பி. வரப்புக்குக் கிழக்கே, பிரெஞ்சு ஊரில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்குக் கிழக்குப் பக்கம் அந்தாண்ட. அவர்களுக்கு மேற்குப் பக்கம் அந்தாண்ட. அன்று காலையில்கூடக் கேலி செய்தான்.

"மாமா, அந்தாண்டக்காரருக்குப் பொண்ணு குடுத்தோம். இப்ப மூட்டையும் தூக்கிக்கினு வர்றேன். இன்னும் இன்னா வோணும்?"

பனைமரங்களில் பட்டுச் சத்தம் திரும்புகிறது. எங்கிருந்து சுடுகிறார்கள் என்று தெரியவில்லை. தலையைத் தூக்கினேன். கிழக்கே, கிணற்று மேட்டில் நான்கு சிப்பாய்கள். வரப்புக்குப் பத்தடி கிழக்கே, இன்னும் தாண்டாமல், ஏழுமலை. மூட்டையைப் போட்டுவிட்டு நிற்கிறான். இரு பக்கமும் பார்க்கிறான்.

கத்தினேன்.

"மச்சான்! அந்தாண்ட போவாத! அந்தாண்டதான் சுடுறானுங்க!"

அவன் மேற்கே வரப்பைப் பார்த்தான். பயந்தான். திரும்பினான். ஓடினான், கிழக்கே.

"ஐயோ, அங்க இல்லடா!"

மேற்கே களத்து மேட்டிலிருந்து என் மனைவியின் குரல். அதற்குள் இரண்டு வெடி. பிறகு சத்தமில்லை. நான் எழவில்லை. சிப்பாய்கள் போனபிறகுதான் ஊர்ந்து போனேன்.

போனவை இவை. மல்லாட்டை, ஏழு மூட்டை. வரப்போரம் கட்டியிருந்த வண்டிமாடு ஒன்று. ஒருவருக்கு வலது முழங்கால். இன்னொருவருக்கு இரண்டு விரல். உயிர் ஒன்று. ஏழுமலை, வயது இருபத்திரண்டு. குண்டு முதுகில் இல்லை. நெஞ்சில் பட்டிருந்தது.