நாற்பத்து இரண்டாம் பக்கம்

“அப்போ ரெண்டாவது தட்டையும் நீங்களேதான் கேட்டு வாங்கினீங்க?”

“ஆமா. நல்லா இருந்துச்சு.”

தெரேஸ் மொஸர் அதை எழுதிக்கொண்டார். மலைக் காவல் பிரிவில் இருப்பவர், கையெழுத்து அழகாக இருக்கும். என்னைவிட முப்பது வயது இளையவர். ஆனாலும் ஊருக்குள், அதுவும் காவல் நிலையத்தில், நாங்கள் ‘நீங்கள்’ போட்டுத்தான் பேசிக்கொள்வோம். மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே போய்விட்டால் அந்த வழக்கம் இல்லை. அங்கே மந்திரிக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் ஒரே ‘நீ’தான்.

“யுடித் உங்கள அவசரப்படுத்தலையா?”

“படுத்தினா. ‘ஏப்பா வின்சென்ஸ், மலை ஏற வந்தியா, கல்யாண விருந்துக்கு வந்தியா’ன்னு கேட்டா. குடில்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

“கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்க. எனக்கு நேரமில்ல.”

அவர் அடிக்கடி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சுருக்கமாகச் சொல்வதுதான் என் வேலையே. ஃபெர்சன் மலையில் ஏறும் வழிகளைப் பற்றிய புத்தகம் நான் எழுதியது. இருபத்தெட்டு ஆண்டுகளில் ஐந்து பதிப்புகள் வந்துவிட்டன. எங்கள் பள்ளத்தாக்கில் வழிகளுக்குப் பெயர் கிடையாது, பக்க எண்தான். “நாளைக்கு எங்கே?” என்று கேட்டால் “பத்தொன்பது” என்பார்கள். கேட்டவருக்குப் புரிந்துவிடும். தெற்குச் சுவர் நாற்பத்து இரண்டு.

அந்தச் சுவரில் முதலில் ஏறியவன் நான்தான். ஏறும்போது எழுத முடியாது, கைகளுக்கு வேறு வேலை இருக்கும். கயிற்றில் இறங்கி வரும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஏறுகிறவன் பாறையைப் பார்த்து நிற்கிறான். நான் பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு வலப்பக்கம் இருப்பது எனக்கு இடப்பக்கம். வீட்டில் படியெடுக்கும்போது எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். ஓர் இடம் மட்டும் விட்டுப்போயிற்று. ஒரு கயிறு எட்டும் தூரமாகப் பிரித்துத்தான் ஏறுவோம்; அப்படி எட்டாவது கயிற்று நீளத்தின் முடிவில், மஞ்சள் பாறைக்குக் கீழே, ‘இடப்பக்க விளிம்பின் வழியே செல்க’ என்று அச்சாகிவிட்டது.

முதல் கோடையில் இரண்டு பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பக்கம் போய், ஒருவர் தோளெலும்பை உடைத்துக்கொள்ள, பாதியில் திரும்பினார்கள். “புத்தகம் படிக்கத் தெரியாத வாத்தியாருங்க” என்று மலையேறுபவர்கள் தங்கும் குடிலில் ஒரே கேலி. புத்தகத்தை யாரும் சந்தேகிக்கவில்லை, அந்த ஆசிரியர்கள்கூட. பக்கத்து மேசையில் இருந்த நான் அவர்களுக்குச் சூப் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒரு பக்கம் தவறு என்று தெரிந்தால் மற்ற இருநூற்றுப் பத்துப் பக்கங்களையும் சந்தேகிப்பார்கள். ஆளாளுக்குத் தோன்றிய வழியில் ஏறத் தொடங்குவார்கள். அது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் அடுத்த ஜூனில் தனியாகப் போய் அந்த இடப்பக்கத்தில் ஏறிப் பார்த்தேன். உளுத்த பாறைதான், ஆனாலும் ஏற முடிந்தது. கயிறு மாட்டப் பாறையில் நான்கு ஆணிகள் அடித்தேன். விளிம்பின் தொடக்கத்தில் அடையாளத்துக்குக் கற்களை அடுக்கி வைத்தேன். அன்றிலிருந்து புத்தகத்தில் பொய் இல்லை. மறுபக்கத்தில் முதல்முறை அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன். ஒரே இடத்தில் இரண்டு வழி இருந்தால் ஏறுகிறவர்கள் குழம்புவார்கள். யாராவது வழி தவறிப் போய் அங்கே புதிதாக அடித்துவிட்டு வருவார்கள். ஆண்டுதோறும் பனி கரைந்ததும் போய் அவற்றையும் எடுத்துவிடுவேன்.

இடப்பக்க விளிம்பு ஒரு பெரிய பிளவுக்குள் போகிறது. மேலே உள்ள பனியில் பதினொரு மணிக்கு வெயில் படும். பனி இளகினால் அதில் ஒட்டியிருக்கும் கற்கள் பிளவு வழியாக வரும். இரண்டாம் பதிப்பில் ‘அதிகாலையில் புறப்படுவது நல்லது’ என்று சேர்த்தேன். கல் விழும் என்று எழுதவில்லை. எழுதினால், பிறகு ஏன் அந்தப் பக்கம் போகச் சொல்கிறாய் என்று கேட்பார்கள்.

இத்தனை ஆண்டுகளில் ஆறு பேர். கணவாய்ச் சாலையில் அதைவிட அதிகம் பேர் போயிருக்கிறார்கள். மீட்புக் குழுவிலும் நான் இருந்தேன், ஆறில் நான்கு பேரைக் கீழே கொண்டுவந்தது என் தோள்தான். குடிலின் பின்சுவரில் ஆறு பேருக்கும் செப்புத் தகடு பதித்திருக்கிறார்கள். ஆறிலும் உள்ள வாசகம் நான் எழுதியது. எங்கள் ஊரில் எழுதத் தெரிந்தவன் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

யுடித் ப்ளாங்கர் மூன்று வாரங்களுக்கு முன் குடிலில் என் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு துருப்பிடித்த ஆணியை மேசையில் வைத்தாள். அவளும் என்னைப்போல் மலை வழிகாட்டிதான், இருபத்தொன்பது வயது. என் ஆணிகளில் நான் ஒரு முத்திரை குத்துவது வழக்கம். மறுபக்கத்தில், பாசிக்கு அடியில், ஒன்றை நான் பிடுங்காமல் விட்டிருக்கிறேன்.

“இது உன்னுதுதானே?”

“என்னுதுதான்.”

“அப்போ முதல் தடவ நீ ஏறினது இந்தப் பக்கம்.”

“ஆமா.”

“அடப்பாவி மனுஷா. ஒரே ஒரு வார்த்தையை மாத்து, வின்சென்ஸ். யாரும் உன்ன முழுங்கிட மாட்டாங்க.”

அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்லட்டும் என்று விட்டிருந்தாள். ஆறாம் பதிப்பு இலையுதிர் காலத்தில் வருகிறது, அதுவரை பொறுப்பதாகச் சொன்னாள். நல்ல பெண்.

“இடப்பக்கம் நீ ஏறியிருக்கியா?” என்று கேட்டேன். இல்லை என்றாள். ஏறாத வழியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது, பேசவும் கூடாது, அது எங்களுக்குள் இருக்கும் கட்டுப்பாடு. “வாஸ்தவம்தான்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போவதாக முடிவாயிற்று.

ஐந்து மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். நான் முட்டை அப்பம் சொன்னேன். வெள்ளைக்கருவைத் தனியாக அடித்து, வேகவைத்து, கிழித்துப் போட்டு, சர்க்கரைத்தூள் தூவித் தருவார்கள். ஒரு தட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதனால்தான் இரண்டாவது தட்டு.

மஞ்சள் பாறைக்குக் கீழே நின்றபோது பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. “ரொம்ப லேட்டாயிடுச்சே” என்றாள். “பத்து நிமிஷ வேலைதான்” என்றேன். அவள் முன்னால் போனாள், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பதினொன்றேகாலுக்குக் கற்கள் வந்தன. கயிறு என் கையில் ஒரு சாண்கூட வழுக்கவில்லை. அறிக்கையில் அதைக் குறித்திருக்கிறார்கள்.

தெரேஸ் பேனாவை மூடினார்.

“வேணும்னேதான் கூட்டிட்டுப் போனீங்க.”

“ஆமா. கொல்லத்தான் கூட்டிட்டுப் போனேன். அதையும் அப்படியே எழுதிக்குங்க. ஆனா புத்தகத்துல தப்பு இருக்குன்னு எழுதாதீங்க. அங்க வழி இருக்கு, ஆணி இருக்கு. போனா போகலாம்.”

அவர் எழுதவில்லை. அவருடைய கைப்பேசி அடித்தது. எடுத்துக் கொஞ்சம் பேசிவிட்டு, என்னைப் பார்த்தபடி அதை மேசைமேல் வைத்தார்.

“லின்ட்ஸ்லேர்ந்து அக்கா தங்கச்சி ரெண்டு பேர், காலைல ஃபெர்சன் தெற்குச் சுவர்ல ஏறியிருக்காங்க. மெதுவா ஏறி, இப்பத்தான் எட்டாவது கயிறு முடிச்சிருக்காங்க. குடில்காரர் ஹார்ட்விக் அரை மணி நேரமா அவங்ககிட்ட ஃபோன்ல கத்திட்டு இருக்கார். ஏணிகூட ஏறத் தெரியாத ஆளு சொல்லி நாங்க கேக்கணுமான்னு சிரிக்கிறாங்களாம். மறுபக்கம்தான் சரியான வழின்னு நீங்க காலைல சொன்னத அவர்கிட்ட சொல்லியிருந்தேன், இப்போ நானே அவங்ககிட்ட சொல்லியும் நம்பல. எழுதினவர் சொன்னாத்தான் கேப்பாங்களாம். லைன்ல இருக்காங்க. பேசுங்க.”

சுவர்க்கடிகாரத்தில் பதினொன்றாக நான்கு நிமிடம் இருந்தது. கைப்பேசியில் முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, உற்சாகமான ஓர் இளம்பெண்ணின் குரல்.

“வின்சென்ஸா? நிஜமாவே நீயா? உன் புத்தகத்த வெச்சுத்தான் நாங்க ஏறவே கத்துக்கிட்டோம். இங்க இடப்பக்கம் ஆணி தெரியுது, அடுக்கி வெச்ச கல்லு தெரியுது, புத்தகத்துலயும் அதான் போட்டிருக்கு. கீழ இருக்கறவங்க மறுபக்கம் போ, மறுபக்கம் போன்னு உயிர வாங்கறாங்க. நாங்க யாரு பேச்சையும் கேக்கல. நீயே சொல்லு, எந்தப் பக்கம் போகட்டும்?”