கத்தரிக்காயில் இருந்த ஓட்டை

— பாய், ஓட்டை எங்கன?

— எந்த ஓட்டை... உக்காருங்க எவாஞ்சலின் டீச்சர். டீ சொல்லவா?

— டீயெல்லாம் பெறகு. போஸ்டர்ல கத்தரிக்கா இருக்கு. கத்தரிக்காயில இருந்த புழு ஓட்டை எங்கன?

— காய் எம்புட்டுப் பளபளன்னு வந்திருக்கு, அதைப் பாருங்க.

— ஜெய்லானி பாய்...

— சரி. அழிச்சுட்டேன்.

— அழிச்சுட்டீகளா?

— வேணும்னு இல்ல. கை பழகிப்போச்சு. பட்டாசுப் பொட்டி லேபிள்ல பிள்ளை மொகத்துல ஒரு மச்சம் இருந்தாலும் தொடைச்சிருவோம். இத்தன வருசமா பிரஸ்ல அதானே வேலை. கறையக் கண்டா கை தானாப் போயிருது.

— அது கறை இல்ல பாய். கீழ என்ன எழுதியிருக்கு, வாசிங்க.

— "இந்த ஓட்டையைப் பாருங்கள். பூச்சி மருந்து அடிக்காத காய்க்கு இதுவே சாட்சி"... அடடா.

— நாளைக்கு இருக்கன்குடி கோயில் பக்கத்துல கடை போடுறோம். ஓட்டை எங்கம்மானு சனம் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

— கண்ணாடி போட்டுப் பாருங்கன்னு சொல்லுங்க.

— சிரிக்காதீக. போன தடவை கூடை கூடையாத் திரும்பி வந்துச்சு. நாளைக்கும் விக்கலைனா, எங்க வீட்டுக்காரக பழையபடி மருந்து டப்பாவத் தூக்கிருவாக. சொல்லிட்டாக.

— சேசுராஜ் அண்ணனா? மல்லாங்கிணறு பூரா இயற்கை விவசாயம்னு பேசிட்டுத் திரிஞ்ச மனுசனாச்சே.

— பேசுனா காய் விக்குதா?

— ருசியான காய் டீச்சர். நீக குடுத்ததைத்தான் நேத்து எங்க வீட்ல ஹாஃபிஸா தால்ச்சாவுல போட்டுச்சு. சட்டிய வழிச்சுட்டோம். ஆனா ஒண்ணு... அம்புட்டுக் காயிலயும் ஒரு புழுகூட இல்லைனுச்சு.

— அது... விடுங்க. போஸ்டருக்கு வழியச் சொல்லுங்க.

— வழி இருக்கு. காலண்டர் மாட்ட ஓட்டை போடுற மிசின் அந்தா நிக்கி. கத்தரிக்கா மேல வச்சு ஒரே குத்து. சனம் விரல விட்டே பார்க்கலாம்.

— வேண்டாம்.

— ஏன்? இப்பிடி ஒரு போஸ்டர சிவகாசியிலயே எவனும் போட்டதில்ல.

— வேண்டாம் பாய். கட்டிங் மிசின்ல அந்தக் கீழ் வரிய மட்டும் வெட்டிருங்க. நாளைக்கு அங்கனயே அடுப்பு வச்சு வதக்கிக் குடுக்கேன். தின்னு பார்த்துட்டு வாங்கட்டும்.

— அது நல்ல ரோசனை. ஹாஃபிஸாவயும் அனுப்புறேன், கைக்கு ஒத்தாசையா இருக்கும். ஆனா அம்புட்டு நல்ல வரிய ஏன் வெட்டணும்? அழிச்சவனே போட்டுத் தாரேங்கேன்...

— பாய்...

— என்ன, முளிக்கீக?

— யார்ட்டயும் சொல்லிராதீக. அவுகளுக்கே தெரியாது.

— சொல்ல மாட்டேன். விசயத்தச் சொல்லுங்க.

— வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டுக் கரைசல்னு அவுக விடாமத் தெளிச்சதுல, எங்க காய்க்குப் புழுவே விழலை. போன தடவை சனம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'ஓட்டையே இல்ல, இது மருந்தடிச்ச காய்'னு வச்சுட்டுப் போயிருச்சு. அந்த ஆத்தாமையில, போட்டோ எடுக்கையில சாக்குத் தைக்கிற கோணூசியால நானே ஒரு குத்துக் குத்திட்டேன். நீக அழிச்ச பெறகுதான் பாய், அது எங்க தோட்டத்துக் காய்.