ஊசி மருந்துக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம்

ஃப்ரீசரா? வேணாம் தம்பி, ஃப்ரீசர் வேணவே வேணாம். அதுல வெச்சா கல்லா உறைஞ்சிடும், அப்புறம் நான் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்ததுக்கு அர்த்தமே இல்ல. உங்க மருந்துக்கடைக்குப் பக்கத்துல இருக்கிற ஐஸ்கிரீம் கடைக்காரரும் உங்கள மாதிரியேதான் சொன்னாரு, ஃப்ரீசர் உள்ள போட்டுட்டுப் போங்கம்மான்னு. எனக்கு வேண்டியது அந்தா, உங்க முதுகுக்குப் பின்னாடி ஊசி மருந்து வெச்சிருக்கீங்களே, அந்தக் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ். அந்தக் குளிருதான் இதுக்கு ஒத்துக்கும். பஸ் ரெடியாகுற வரைக்கும்தான். ஏதோ பெல்ட் அறுந்துபோச்சாம். டிரைவர் வண்டிக்கு அடியில படுத்திருக்காரு, காலு மட்டும் தெரியுது.

ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. டப்பாவத் தெறந்தே காட்டுறேன், பாருங்க. ஆட்டாம பாருங்க. கடல் நட்சத்திரம். ஆமா, நட்சத்திர மீன்னுதான் எல்லாரும் சொல்றது. எங்க வீட்டுக்காரர் முன்னாடி சொன்னீங்கன்னா சண்டைக்கு வந்துடுவாரு. செதில் இருக்கா, செவுள் இருக்கா, எதப் பாத்துய்யா மீன்னு சொல்றன்னு பிடிச்சுக்குவாரு. அதையே கட்டிக்கிட்டு அழுற மனுஷன். கல்யாணம் ஆன புதுசுல எங்க ஃப்ரிட்ஜத் தெறந்தா பால் வைக்க இடமிருக்காது, அத்தனையும் இதுங்கதான். எங்கம்மா பாத்துட்டு, மாப்பிள்ளை என்ன கொக்கா, இப்படிச் சேத்து வெச்சிருக்காருன்னு கேட்டாங்க.

சாகல, சாகல. அப்படிக் கூனிக்கிட்டுதான் உக்காந்திருப்பா. அடியில முட்டை இருக்கு. எல்லாத்தையும் வாய்கிட்ட சேத்து அணைச்சுக்கிட்டு, குஞ்சு பொரிஞ்சு தானா நகர்ற வரைக்கும் அப்படியே கெடப்பா. பட்டினிதான். வாயையே முட்டை அடைச்சிருக்கு, எங்கேருந்து சாப்பிடுறது?

ஐயையோ, அந்த பாட்டில மூடுங்க! நல்ல தண்ணி பட்டா போச்சு, உப்பு கொறஞ்சா தாங்கமாட்டா. அதனாலதான் ஐஸையும் நேரா போடல, பைக்குள்ள கட்டி டப்பாவச் சுத்தி வெச்சேன். இப்ப அந்தப் பையத் தொட்டுப் பாருங்க, கொஞ்சங்கூடக் குளிரே இல்ல. சூடு ஏறினா முட்டைய எல்லாம் உதறிடுவா தம்பி. உதறிட்டா எல்லாம் முடிஞ்சுது. அவ மட்டும் உயிரோட இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?

எதுக்கா? சரி, கேளுங்க. இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு. பாத்தா ரெட்டப் பிள்ளைங்க, இத்தனை வருஷம் பாத்த நானே கொழம்பிப் போவேன். ஆனா அது முட்டையத் தண்ணியில விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காது. குஞ்செல்லாம் நீரோட்டத்துல மிதந்து எந்தெந்தக் கரைக்கோ போய்க் குடியேறும். இவ பிள்ளைங்க பிறந்த பாறையத் தாண்டாது. அப்படின்னா எங்க கடற்கரையில இருக்கிறது தனி வம்சம், எப்பவோ பிரிஞ்சு வந்தது, வேற எங்கயுமே கிடையாதுங்கிறாரு இவரு. மத்த ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் ரெண்டும் ஒண்ணுதான் போய்யாங்கிறாங்க.

காட்டினாரே, காட்டாம என்ன? ஸ்பிரிட் பாட்டில்ல போட்டுத்தான் அவங்க கூட்டத்துக்குக் கொண்டு போனாரு. அதுல போட்டா முட்டை கழண்டுடுது. இவ ஒரு பக்கம், முட்டை பாட்டில் அடியில ஒரு பக்கம். யாரோ எழுந்து, இது நத்தை முட்டை, பிடிக்கிறப்ப ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு சொல்லிட்டான். மொத்தக் கூட்டமும் சிரிச்சுதாம். வீட்டுக்கு வந்து சட்டையக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தாரு மனுஷன். அந்த நத்தை முட்டைன்னு சொன்னவன் மட்டும் என் கையில கெடச்சிருந்தா!

இப்பத்தான் ஒரு பேராசிரியை அம்மா மனசு எறங்கியிருக்காங்க. உயிரோட, முட்டையோட கொண்டு வாங்க, கண்ணால பாத்துட்டா இது தனி இனம்தான்னு நானே எழுதறேன்னாங்க. சாயங்காலம் வெளிநாடு கிளம்புறாங்க, திரும்பி வரமாட்டாங்க. இன்னைக்கு விட்டா விட்டதுதான்.

வேற ஒண்ணு பிடிக்கிறதா? எங்க போய்ப் பிடிக்க? கடல்ல இதுங்களுக்கு நோய் விழுந்துடுச்சு தம்பி. கை தனியாக் கழண்டு அதுபாட்டுக்கு நடந்து போகுது, உடம்பு கூழாக் கரைஞ்சு கெடக்கு. என் கண்ணால பாத்தேன், ரெண்டு நாள் சோறு எறங்கல. பாறை பாறையாப் பொரட்டிட்டேன், ஒண்ணுகூட இல்ல. இவ எங்க வீட்டுத் தொட்டியில இருந்ததால தப்பிச்சா. இவளும் போயிட்டா, அவரு சொன்னது பூரா பொய்யின்னு ஆயிடும். இல்லாத ஒண்ணத் தேடி ஆயுசு பூரா அலைஞ்சான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

தெரியும் தம்பி, ஊசி மருந்து இருக்கிற இடத்துல வேற எதுவும் வைக்கக் கூடாது, தெரியாமலா கேக்கிறேன்? மூடி இறுக்கம். மேல ரெண்டு கவர் போட்டு ஒட்டித் தரேன், ஒரு சொட்டு வெளிய வராது. யாராவது வந்து கேட்டா, ஒரு பைத்தியக்காரி வலுக்கட்டாயமா வெச்சுட்டான்னு என் மேல பழியப் போடுங்க. கால்ல விழணுமா? விழறேன். எனக்கு வெக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல.

ஃபோன் அடிக்கட்டும் விடுங்க, எடுக்க வேணாம். என் கொழுந்தன்தான், காலையிலேருந்து அடிச்சுக்கிட்டே இருக்கான்.

அவரா? அவரு எப்படி வருவாரு, ஆஸ்பத்திரில இருக்காரு. ஆமா, ரொம்ப நாளாவே முடியல. இல்ல, பக்கத்துல யாரும் இல்ல. இருந்து என்ன பண்ணப் போறாங்க, விடியக்காலைலயே போயிட்டாரு. கையப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் நேரா வீட்டுக்குப் போய் இவளத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வந்துட்டாங்களாம், எப்ப எடுக்கிறது, நீங்க எங்க அண்ணி சுத்திட்டு இருக்கீங்கன்னு கொழுந்தன் கத்துறான். சாயங்காலம் ஆகும்டான்னு சொல்லிட்டேன். அவருக்கு இனிமே என்ன அவசரம்? இவளுக்குத்தான் நேரமில்ல. கொஞ்சம் அந்தக் கதவத் தெறங்க தம்பி.