கண்டதை மறைக்காத கண்ணுக்கு: வினிஃப்ரெட் ஆஸ்ட்ராண்டர் அம்மையாருக்கு அன்பு மடல்

வண்ணங்களின் வழக்கறிஞரே! வளையாத வாக்கின் வடிவே! எங்கள் 'ஈஸ்ட் ரிவர் ரிவ்யூ' இதழின் கலைப்பக்கத்தை முப்பதாண்டு ஆண்டபின் இன்று ஓய்வு பெறும் அரசியே! தங்கள் பேனாவுக்கு நியூயார்க் ஓவியக்கூடங்கள் பாதி மாலையிட்டன, பாதி மிரண்டு ஓடின. இரண்டும் தங்களுக்குப் பெருமையே என்று களிப்போடு கூறி வணங்குகிறோம்!

பாரிஸ் தலையசைத்தால்தான் அழகு என்றிருந்த காலம் மலையேறி, வண்ணமும் வடிவமும் தவிர ஓவியத்தில் வேறெதையும் பேசலாகாது என்னும் கோட்பாடு இந்நகரைக் கட்டியாண்ட நாள் அது. அக்கோட்பாட்டின் கோமான், உணவு மேசையிலும் தொப்பி கழற்றாத லூஷியஸ் ஹேவர்கேம்ப். அவர் புகழ்ந்தவர் உயர்ந்தார். அவர் பேசாது கடந்தவர் மறைந்தார். அப்போதுதான் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் நகர்ப்பகுதியின் இளம் ஓவியர் அல்தியா பிரூவர், சலவைக்கடையில் தேய்ப்புப் பெட்டியோடு நிமிர்ந்து நோக்கும் தம் தாயைத் தீட்டி வைத்தார். "இது கதை, கலை இல்ல" என்று விமர்சகர்கள் நகர்ந்தனர். தாங்களோ, அவ்வாண்டின் தலைசிறந்த ஓவியம் அதுவே என்று எழுதினீர்கள்!

வெடித்தது பூசல்! நம் இதழுக்கு ஓவியக்கூடங்கள் தந்த விளம்பரங்கள் நின்றன. ஆசிரியர் மார்ட்டின் கெலாக் கெஞ்சினார்:

"வினி, ஒரு வரி மாத்தி எழுதிடும்மா. இல்லேன்னா உன் வேலையை என்னால காப்பாத்த முடியாது."

"வேலை போனா வேற தேடிக்கலாம் மார்ட்டின். பார்த்ததைப் பார்க்கலைன்னு எப்படி எழுதுறது?"

பின்னர் ஆள் நிற்க இடமில்லாத அரங்கில் தாங்களும் ஹேவர்கேம்பும் வாதிட்ட மாலையை மறப்போமா!

"அந்தத் துணியில சாயத்தைத் தவிர என்னம்மா இருக்கு?" என்று நகைத்தார் அவர்.

"ஒண்ணுமே இல்லேன்னா, அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் ஏன் சார் தொப்பியைக் கழட்டினீங்க? நான் உங்க பின்னாடிதான் நின்னேன்!"

அரங்கம் அதிர்ந்தது. முகம் சிவந்த கோமான் தாமும் சிரித்துவிட்டார்: "கழட்டினேன்தான். பொய் சொல்ல மாட்டேன்."

மறுவாரம் அவ்வோவியத்தைக் காண வரிசை தெருமுனை வரை நீண்டது! விளம்பரங்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. தங்கள் வேலை நிலைத்தது. ஓவியத்தில் இருப்பவர் யார் என்று கேட்கும் துணிவு எங்கள் தலைமுறைக்கு வந்தது அன்றுதான்.

நாளை அல்தியாவின் வாழ்நாள் ஓவியங்கள் அனைத்தும் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வருகின்றன! "கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வினி அக்கா தனியாப் பார்க்கட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். விமர்சனம் எழுதப்போவது நாங்கள். முதல் வரியை இப்போதே மூன்று முறை அடித்து எழுதிவிட்டோம்!

நோயின்றி, நோக்குக் குறைவின்றி நீடு வாழ்க! பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், அம்மையீர். மனம் நிறையுமட்டும் நின்று பாருங்கள். எத்தனை வார்த்தை என்று இனி யாரும் தங்களைக் கேட்கப்போவதில்லை.

தங்கள் எழுத்தோடு சண்டையிட்டே வளர்ந்த,
கலைப்பகுதித் தோழர்கள்,
நியூயார்க்.