முடியாது என்ற சொல்

"தண்ணிக்கு துபிக். சோத்துக்கு கான்-ஓன். நன்றிக்கு சலாமத்."

பீளமேடு போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். பம்புசெட் ஃபிட்டர். முதலாளி அவரை இரண்டு வருடத்துக்குப் பிலிப்பைன்ஸில் உள்ள செபு தீவுக்கு அனுப்புகிறாராம். அங்கே பேசுவது செபுவானோ. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம்.

"முடியாதுங்கறதுக்கு என்னங்க?"

"அதையக் கேட்டுக்கலையே, அம்மணி."

"எப்படிக் கேப்பீங்க? தமிழ்லயே அதைய நீங்க சொன்னதில்லையே. கொழந்தை பொறந்த பொறகுதான் போவேன்னு மொதலாளிகிட்டச் சொல்லத்தான இப்பப் போறோம்?"

"சொல்லிப்போடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. காப்பியக் குடிச்சுப்போட்டு, சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்தீங்க."

"மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அவரு மனசு நோகுமல்லோ."

"எம்மனசு?"

அவர் பஸ் டிக்கெட்டைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கோழைத்தனத்துக்கு எங்கள் ஊரில் மரியாதை என்று பெயர்.

"இப்ப எங்கிட்டச் சொல்லிப் பழகுங்க. சத்தமா."

"இப்பப் போக முடியாதுங்க" என்றார்.

அவருக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இவர் பதறி எழுந்தே விட்டார். "உங்களையச் சொல்லலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

பீளமேடு வந்ததும் அந்தப் பெண் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"மொதலாளிகிட்ட நானே பேசிக்கறேனுங்க. நீங்க அந்த சலாமத்தை மட்டும் சொல்லுங்க, போதும்."